சடசடப்பு அடங்கும் வரை

வெண்ணெய் காய்ச்சும்போது எட்டிப் பார்க்காமல் காதாலேயே பதம் சொல்லிவிடுவார்கள் வீட்டுப் பெரியவர்கள். சடசடப்பு அடங்கியதும் முருங்கைக்கீரையைப் போட்டு அடுப்பை அணைப்பார்கள். அந்தச் சத்தம் வெண்ணெயில் ஒளிந்திருந்த தண்ணீர் ஆவியாகும் சத்தம். கேக் சுடுகிறவர்கள் மறந்துவிடுவது இந்தத் தண்ணீரைத்தான்.

கடையில் வாங்கும் 100 கிராம் வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 கிராம்தான். தண்ணீர் சுமார் 16 கிராம். மிச்சம் பால் புரதம், உப்பு போன்றவை. நெய்யும் எண்ணெயும் கிட்டத்தட்ட முழுக்கவே கொழுப்பு. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் அதே எடை எண்ணெய் ஊற்றினால் கொழுப்பு கால் பங்கு கூடும், ஈரம் குறையும். 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி பாலும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் அந்த 80 கிராம், அளவுக் கோப்பையில் 87 மில்லிலிட்டர் வரும்.

தராசு இல்லையா? கோப்பையில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, வெண்ணெய்க் கட்டிகளைப் போட்டு, மிதக்கவிடாமல் கம்பி நுனியால் அமுக்குங்கள். நீர்மட்டம் 200ஐத் தொட்டால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 95 கிராம் வெண்ணெய்.

எடை சரியானாலும் காற்று பாக்கி இருக்கிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்களின் கூரிய விளிம்புகள் காற்றை உள்ளே இழுத்துச் செல்கின்றன. கெட்டிக் கொழுப்பு அதை நுண்குமிழிகளாகப் பிடித்துவைக்கிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை. இருப்பவற்றைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. திரவமான எண்ணெயில் குமிழி தங்காது.

அப்படியானால் காற்றை எங்கிருந்து கொண்டுவருவது? 1927இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி பேக்கர் என்ற காப்பீட்டு முகவர், நுரைக்க அடித்த முட்டை வெள்ளைக்கருவிலிருந்து கொண்டுவந்தார். எண்ணெயில் செய்த அவரது ஷிஃபான் கேக் பஞ்சாக எழும்பியது. அதன் ரகசியத்தை இருபது ஆண்டுகள் காத்துவைத்திருந்து ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்.

குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் வெண்ணெய்’ என்றிருக்கும். அந்த அறை 20 டிகிரி. வெண்ணெயோ 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையில் வெண்ணெயை வெளியே வைத்து மறந்தால், நாம் எண்ணெய்க்கு மாறாவிட்டாலும் வெயில் மாற்றிவிடும்.