குறிசுட்ட மாடும் கணினிச் சீட்டும்

"இது என்னுடையது" என்று சொல்லுதல் எளிது. பிறர் ஒப்புக்கொள்ளும்படி அதனை நிறுவுதலே அரிது. காணிக்கு உறுதி, மாட்டுக்குக் குறி, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று மனிதன் காலந்தோறும் சான்றுகளைத் தேடி வந்திருக்கிறான். இன்றோ, கையால் தொட முடியாத உடைமைகளும் நம் வீடுகளிற் சேர்ந்துவிட்டன. கைத்தொலைபேசியில் எடுத்த நிழற்படம், மாணவி கணினியில் தீட்டிய ஓவியம், கூத்துக்களரியிற் பதிந்த காணொளி ஆகிய இவற்றை ஒரு நொடியில் ஆயிரம் பேர் படியெடுக்கலாம். மூலம் எது, படி எது என்று கண்ணால் வேறுபடுத்த இயலாது. அவ்வாறாயின் உரியவர் யார் என்பதை எங்ஙனம் காட்டுவது?

இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே என்.எப்.டி. எனப்படும் கணினிச் சீட்டு. அது யாது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பவற்றை மட்டக்களப்பு வாவிக்கரை வாழ்வைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

நெல்லும் எருதும்

ஒருவர் அயலவரிடம் ஓர் அவணம் நெல் கடன் வாங்குகிறார். அறுவடை முடிந்ததும் அதே தரமான நெல்லை அதே அளவிற் கொடுத்தால் கடன் தீர்ந்தது. வாங்கிச் சென்ற அதே மணிகளைத் திருப்பிக் கேட்பார் எவருமிலர். பணமும் அத்தகையதே. ஆயின், உழவுக்கு இரவலாகப் பெற்ற எருதைத் திருப்பும்போது, அந்த எருதே வந்து சேரவேண்டும். முன்னது, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும் பொருள். பின்னது, ஈடாகாத தனிப்பொருள். என்.எப்.டி. என்னும் மூன்றெழுத்தின் கருத்தும் 'ஈடாகாத தனிச்சீட்டு' என்பதே.

படுவான்கரை மேய்ச்சல் நிலங்களிற் பல வீட்டு மாடுகள் கலந்து மேயும். எது யாருடையது என்பதைத் தோலிற் சுட்ட குறி காட்டும். ஆனால், குறி வெறும் தழும்பன்று. இன்ன குறி இன்ன வீட்டாருடையது என்பதை ஊர் அறிந்திருக்கவேண்டும். மாடு கைமாறும்போது அதற்குரிய சீட்டும் எழுதப்படவேண்டும். இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் இத்தகைய சீட்டுகளையும் பற்றிக் கூறுகிறது. ஆகவே, உரிமைக்குச் சான்றாவது குறி மட்டுமன்று. அதனைப் பலர் அறியப் பதிந்துவைத்த பதிவே உண்மையான சான்று. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் கணினிச் சீட்டின் மருமம் பாதி விளங்கிவிடும்.

பல்லாயிரம் படிகளுள்ள பேரேடு

அலுவலகமொன்றிலுள்ள பேரேட்டை எண்ணிப் பாருங்கள். அதனைக் காப்பவர் ஒருவர். தீயும் வெள்ளமும் கறையானும் அதனை அழிக்கலாம். கைச்சுத்தமற்ற ஒருவர் ஒரு பக்கத்தை மாற்றியும் விடலாம். அதே பேரேட்டின் படி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருப்பதாகக் கொள்வோம். புதிய வரி ஒன்று எழுதப்படும்போது அத்தனை படிகளிலும் அது ஏறும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்திய பக்கத்தின் முத்திரை இருக்கும். பழைய பக்கமொன்றில் ஓரெழுத்தை மாற்றினாலும் பின்வரும் முத்திரைகள் யாவும் பிறழ்ந்து, களவு வெளிப்பட்டுவிடும். இத்தகைய பேரேட்டையே பிளாக்செயின் என்கின்றனர்.

முத்திரை என்பது ஒரு கோப்பிலுள்ள தரவு முழுவதையும் கணக்கிட்டுப் பெறப்படும் குறிக்கோவை. பெரிதும் வழங்கும் ஒரு முறையில் அது 64 குறிகள் நீளமுடையது. நிழற்படத்தில் ஒரேயொரு புள்ளியின் நிறம் மாறினாலும் கோவை முற்றிலும் வேறாகிவிடும்.

எதீரியம் என்னும் பேரேட்டில் 2017ஆம் ஆண்டு கணினிப் பூனைக்குட்டிகளை விற்கும் விளையாட்டொன்று பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஒவ்வொரு குட்டியும் ஒரு தனிச்சீட்டு. அடுத்த ஆண்டில் இத்தகைய சீட்டுகளுக்கு ஒரு பொது அமைப்பு வகுக்கப்பட்டது. சீட்டின் இலக்கம், அதனை வைத்திருப்பவரின் கணக்கு, பொருள் இருக்கும் இணைய முகவரி ஆகியவையே அதன் உள்ளடக்கம்.

அன்றாட வாழ்விற் பயன்

நிகழ்ச்சி நுழைவுச்சீட்டை இம்முறையில் வழங்கினால், ஒரே சீட்டை இருவருக்கு விற்கும் மோசடி அரிதாகும். ஓவியர் தம் படைப்பை வெளியிட்ட நாளை ஐயமின்றிக் காட்டலாம். பல்கலைக்கழகச் சான்றிதழ் போலியா, மெய்யா என்பதையும் நொடியில் ஆராயலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2017இல் தன் பட்டதாரிகள் 111 பேருக்கு, இதையொத்த பேரேட்டு முத்திரையுடன் கணினிப் பட்டச்சான்றிதழை வழங்கிப் பார்த்தது. வெளிநாட்டில் உயர்கல்விக்கோ தொழிலுக்கோ விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

சீட்டு வேறு, உரிமை வேறு

இனி, எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடத்துக்கு வருவோம். பேரேடு தன்னில் எழுதியதை மாற்றாது காக்கும். எழுதியது மெய்யா என்று கேட்காது. பிறர் மாட்டுக்குத் தன் குறியைச் சுடுபவனை அதனால் தடுக்கவியலாது. இச்சீட்டுகளின் பெருஞ்சந்தையாகிய ஓப்பன்சீ நிறுவனமே, தன் இலவசக் கருவியால் ஆக்கப்பட்ட சீட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை திருட்டுப் படைப்புகள், போலிகள் அல்லது குப்பைகள் என்று 2022இல் அறிவித்தது.

மற்றோர் எடுத்துக்காட்டு: காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது, அவர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் நிற்கும். அக்காலம் கடந்துவிட்டது, நூல் இன்று அனைவர்க்கும் பொது. நாளை ஒருவர் அதன் பக்கமொன்றைப் படமெடுத்துச் சீட்டாக்கி விற்றால், வாங்குபவருக்குக் கிடைப்பது சீட்டு மட்டுமே, நூலன்று. ஊரார் வழிவழியாக ஆடிவரும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளையும் எவரும் இவ்வாறு தமதாக்கிக்கொள்ள முடியாது.

காணியின் நிலையும் அதுவே. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் கையொப்பமிட்ட உறுதி வேண்டும். கணினிச் சீட்டு அந்த உறுதிக்கு ஈடாகாது. எனினும், சீட்டுக்குச் சட்டத்தின் முன் மதிப்பே இல்லை என்பதும் தவறு. 2022இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் இத்தகைய சீட்டைச் சொத்தாகக் கொண்டு, தீர்ப்பு வரும்வரை அதனை விற்கலாகாது என்று தடைவிதித்தது.

விலையை நம்பி ஏமாறியோரும் பலர். டுவிட்டர் தளத்தின் முதற்செய்திக்குரிய சீட்டு 2021 மார்ச்சில் 29 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் அதனை ஏலத்துக்கு விட்டபோது, குறித்த நாளுக்குள் வந்த உயர்ந்த கேள்வி 300 டொலரைக்கூட எட்டவில்லை. இத்தகைய சீட்டுகளை வாங்கப் பெரும்பாலும் பயன்படும் மறைகுறி நாணயங்களைக் குறித்து, இலங்கை மத்திய வங்கியும் 2018 முதல் பொதுமக்களைப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

புயலும் கடலும் கற்பித்த பாடம்

1978 நவம்பர் 23ஆம் நாட் புயலையும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடியையும் நாவலடியையும் சூறையாடிய கடற்பேரலையையும் கண்ட ஊர் இது. இடையில் நெடும்போரும் நிகழ்ந்தது. உறுதியும் சான்றிதழும் குடும்ப நிழற்படமும் இழந்த வீடுகள் இங்கு எண்ணற்றவை. காணி உறுதியை இழந்தோர், அதன் இணைப்படி காணிப் பதிவகத்தில் இருந்தால், உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அங்கே இழந்ததை மீட்டுத்தர ஓர் அலுவலர் இருக்கிறார். கணினிச் சீட்டுக்கோ அப்படி ஒருவரும் இலர். அதன் திறவுகோலாகிய இரகசியச் சொற்களைத் தொலைத்தால் சீட்டும் கைவிட்டுப் போகும்.

அதனினும் முக்கியமான குறையொன்று உண்டு. பெரும்பாலும் படம் பேரேட்டில் இருப்பதில்லை. அது இருக்கும் முகவரியே அங்கே பதியப்படுகிறது. எப்.டி.எக்ஸ். நிறுவனம் 2022 நவம்பரில் வீழ்ந்தபின், அங்கே ஆக்கப்பட்ட சீட்டுகள் பலவற்றின் படங்கள் காணாமற் போயின. சான்று நின்றது, பொருள் மறைந்தது.

ஆதலின் நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை இவை. முதலில், பழைய நிழற்படங்களையும் பத்திரங்களையும் தெளிவாகப் படியெடுத்து, மூன்று வெவ்வேறிடங்களில் வையுங்கள். ஒன்று வேறூரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். ஊருக்குப் பயன்படும் பழைய நூல்களும் மலர்களும் இருப்பின், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைக் காத்துவரும் 'நூலகம்' போன்ற நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அடுத்து, சொந்தமாக வரைபவரும் பாடுபவரும் எழுதுபவரும் தம் மூலக்கோப்பை மாற்றாது வைத்து, அதன் முத்திரைக் கோவையைப் பொதுப்பேரேட்டில் நாளிட்டுப் பதியலாம். ஓப்பன் டைம்ஸ்டாம்ப்ஸ் என்னும் சேவை இதனை இலவசமாகவே செய்கிறது. சீட்டு வாங்கவும் விற்கவும் வேண்டுவதில்லை. பின்னொரு நாள் வழக்கெழுந்தால், அந்த நாளில் அக்கோப்பு இருந்தது என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

குறி சுட்டுவிட்டோம் என்பதற்காக மாட்டைக் காவலின்றி விடுவார் எவருமிலர். கணினிச் சீட்டும் அவ்வாறே: பேரேடு நம் பெயரைக் காக்கும், பொருளைக் காப்பது நம் கடன்.