கைக்கு எட்டாத திருகு

சிறிய காரியந்தானே என்று நாம் அலட்சியம் செய்யும் விஷயங்கள் பூமியில் சிறு தொல்லையே தருகின்றன. ஆகாயத்திலோ பிராணனையே கேட்கின்றன. பெட்ரோல் இன்றி மோட்டார் வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம். சிறு விமானத்தின் யந்திரம் நின்றால், இறங்க இடமும் வேண்டும். அதைத் தேட அவகாசமும் வேண்டும்.

இவ்வகை விமானங்களில் பெட்ரோல் செல்லும் வழி சிக்கலானதன்று. இறக்கைகளில் இரண்டு தொட்டிகள். அவற்றின் குழாய்கள் ஒரு திருகில் வந்து கூடும். எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வரவேண்டும் என்பதை விமானி அத்திருகினால் தீர்மானிக்கிறார். பிறகு ஒரு வடிகட்டி; அப்பால் யந்திரம்.

முதற் சத்துரு ஜலம். பாதி காலியான தொட்டியின் உட்புறத்தில் இரவுக் குளிர்ச்சியால் ஈரம் படிந்து துளிகளாகிறது. ஜலம் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகையால் அடியில் தங்கும். புறப்படுமுன் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்தால் அது தனியே தெரியும். அடுத்தது காற்றுத் துவாரம். மண்ணெண்ணெய் டின்னில் ஒரே துவாரம் இட்டுக் கவிழ்த்தால், எண்ணெய் தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதைக் கண்டிருப்போம். காற்றுத் துவாரத்தில் ஒரு குளவி கூடு கட்டிவிட்டால் விமானத் தொட்டிக்கும் அதே கதிதான். மூன்றாவது, அளவுகாட்டி. அதை மட்டும் நம்பாமல், மூடியைத் திறந்து கோல் விட்டு அளப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

பறக்கும்போது யந்திரம் திணறினால், முதலில் விமானத்தைத் தக்க வேகத்தில் நிலைப்படுத்த வேண்டும். பிறகே திருகை மற்றத் தொட்டிக்கு மாற்றுவதும், துணைப் பம்பை இயக்குவதும். திருகைத் தேடுவதிலேயே கவனம் போய்விட்டால் விளைவது என்ன என்பதற்கு ஒரு துக்ககரமான உதாரணம் உண்டு.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். 1997 அக்டோபர் 12-ந் தேதி மாலை, கலிபோர்னியாவில் மாண்டரே நிலையத்திலிருந்து, அண்மையில் வாங்கிய 'லாங்-ஈஸி' விமானத்தில் தனியே கிளம்பினார். தொழிற்சாலையில் செய்யப்படாமல், தனி மனிதர் ஒருவர் கட்டிய விமானம் அது. இவ்வகையை வடிவமைத்த பர்ட் ரூட்டன், திருகை விமானியின் கால்களுக்கிடையே அமைத்திருந்தார். கட்டியவரோ, பெட்ரோல் குழாய் விமானியின் அறைக்குள் வரலாகாதென்று கருதி, இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

டென்வர் இதைக் கிளம்புமுன்பே அறிவார். பிடியை எட்டுவதற்கு ஓர் இடுக்கியைப் பொருத்திப் பார்த்தார்; பயன்படவில்லை. பின்புறமிருந்த அளவுகாட்டியைப் பார்க்க, பணியாளர் ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் நிரப்பவா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரந்தான் பறக்கப் போவதாகச் சொல்லி மறுத்துவிட்டார்.

விமானம் கடலில் வீழ்ந்தது, டென்வர் மாண்டார். திருகைப் பிடிக்கத் திரும்பியபோது, அறியாமலே வலப்புறச் சுக்கான் மிதியை அழுத்திவிட்டார் என்பது விசாரணை வாரியத்தின் முடிவு. பெட்ரோல் நிரப்பாமல் சென்றதும் ஒரு காரணமாகவும், திருகு இருந்த இடம் துணைக் காரணமாகவும் கூறப்பட்டன.

நம் தேசத்து இளைஞரும் யுவதிகளும் விமானம் ஓட்டப் பயிலும் இக்காலத்தில் இது நினைவிற் கொள்ளத்தக்கது. கோளாற்றைக் கண்டுபிடிப்பது பாதி வித்தைதான். கண்டபின் அன்றைய பிரயாணத்தை நிறுத்திவைப்பதே மற்றப் பாதி.