உப்பு மலிவு, தகடு விலை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரின் உப்பைப் பிரித்துச் சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிறார்கள். அதே கரையில் வீட்டில் நீச்சற்குளம் வைத்திருப்பவரிடமோ, நல்ல நீரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டச் சொல்கிறார்கள்! குளமே இல்லாத நமக்கு இது எதற்கு எனலாம். மாமல்லபுரம் சாலை மாளிகைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்தாமே? "வேதியியல் படித்தவனாயிற்றே, எந்தக் கருவி மலிவு?" என்று கேட்டால் விடை சொல்ல வேண்டாமா?

உப்பு கிருமியைக் கொல்வதில்லை. லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்புள்ள நீர் (கடலில் 35 கிராம்) கருவியின் தகடுகளிடையே செல்லும்போது, மின்னாற்பகுப்பால் குளோரின் பிறக்கிறது. ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் செய்யும் வேலையேதான். வேலை முடிந்த குளோரின் மீண்டும் குளோரைடாகிவிடும்; ஆகவே உப்பு தீர்வதில்லை.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 40,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 120 கிலோ உப்பாவது வேண்டும். லிட்டருக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் குளோரின் எனக் கொண்டால் மொத்தம் 120 கிராம். பம்பு 8 மணி நேரம் ஓடினால் மணிக்கு 15 கிராம் போதும். ஆனால் சரியாக 15 கிராம் கருவியை வாங்கினால் அதற்கு ஓய்வே இராது. 25 கிராம் கருவியோ 5 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். தகட்டின் ஆயுள் அது ஓடும் மணிக்கணக்கில் என்பதால், இதைக் கவனிக்க வேண்டும். டைட்டேனியத்தின்மேல் ருத்தேனிய ஆக்சைடு பூசிய தகடு அது. பூச்சு போனால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

நம் கரையில் இன்னொரு தொல்லை, நீரின் கடினத்தன்மை. எதிர்மின்வாயில் காரம் உண்டாவதால் கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் வெள்ளையாகப் படியும். சுரண்டினால் பூச்சும் கூடவே போகும். எனவே, சற்று விலை கூடினாலும், மின்சாரத்தின் திசையை அவ்வப்போது தானே மாற்றிப் படிவை உதிர்க்கும் கருவியே நமக்கு ஏற்றது. அந்த வசதியில்லாத மலிவுக் கருவி இங்கே மலிவன்று. உப்பளத்துக் கல்லுப்பும் அப்படியே. அதிலுள்ள மக்னீசியம் தகட்டில் ஏறும். சுத்திகரித்த, அயோடின் சேராத உப்பு நல்லது. கடல்நீரையே கலக்கலாமே என்பவருக்கும் இதுதான் பதில்.

நீரோட்டம் நின்றால் மின்சாரமும் தானே நிற்க வேண்டும். இல்லையேல் ஹைட்ரஜன் குழாயில் தேங்கும். இதை வாங்குமுன் கேட்டறிவது அவசியம். குளத்தின் பி.எச். ஏறிக்கொண்டே போகும்; அமிலமிட்டு 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் குளம் வழிந்தால் உப்பும் வெளியேறும். மழை விட்டபின் அளந்து பார்த்துக் குறைந்ததை மட்டும் சேர்த்தால் போதும்.