உங்களுக்குத் தெரியுமா? திரையில் விளையும் படிகங்கள்

● குவார்ட்ஸ் படிகம் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, பக்கவாட்டு முகங்களில் வெளிச்சம் சாய்ந்து விழும்படி திருப்பிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரியும். அவை ஓடுவது நெட்டுவாக்கில் அல்ல, குறுக்குவாக்கில். உச்சியில் கூம்பும் முகங்களில் அந்தக் கோடுகள் இருக்காது. டூர்மலின் கல்லில் இது நேர் எதிர். அங்கே கோடுகள் நீளவாக்கில் ஓடும். பைரைட் கனசதுரத்தில் இன்னும் விசேஷம்: ஒரு முகத்தின் கோடுகளுக்கு அடுத்த முகத்தின் கோடுகள் செங்குத்தாக நிற்கும்.

இவை கீறல்கள் அல்ல, படிகம் வளர்ந்த விதத்தின் பதிவு. கணினியில் ஒரு குவார்ட்ஸை உருவாக்குகிறவர், கையில் கிடைத்த கீறல் படம் ஒன்றை எல்லா முகங்களிலும் ஒட்டிவிட்டால், கனிமம் அறிந்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அறியாதவருக்கும் ஏதோ உறுத்தும். கோடுகளின் திசையை மட்டும் சரியாக வைத்தாலே படிகத்துக்குப் பாதி உயிர் வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

● படிகம் குட்டையாக வளரலாம், நெட்டையாக வளரலாம், ஒரு பக்கம் வீங்கியும் வளரலாம். ஆனால் ஒரே கனிமத்தில், ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறாது. டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் குவார்ட்ஸைப் பார்த்து இதைச் சொன்னார். குவார்ட்ஸின் அடுத்தடுத்த பக்க முகங்கள் சந்திப்பது எப்போதும் 120 பாகையில்தான். முப்பரிமாணக் கலைஞருக்கு இது அருமையான விதி. முகங்களின் அகலத்தை இஷ்டம்போல் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆறு முகங்களும் ஒரே அளவில் உள்ள குவார்ட்ஸ் இயற்கையில் அபூர்வம். கோணத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

● கணினி வரைகலையின் தொடக்க காலத்தில் பெரிய தலைவலி, உருண்டைகூடப் பட்டை பட்டையாகத் தெரிந்ததுதான். அதை மழுப்பி வழவழப்பாகக் காட்டும் வழியை 1971-இல் ஹென்றி கூரோ தந்தார். 1975-இல் பூய் துவாங் போங் அதை மேம்படுத்தினார். படிகத்துக்கு வேண்டியதோ அந்தப் பட்டைகளேதான். வழவழப்பாக்கும் வசதியை அணைக்க மறந்தால், படிகம் நனைந்த சோப்புக் கட்டியாகிவிடும்.

● மேடு பள்ளம் இல்லாத பரப்பில் மேடு பள்ளத்தைக் காட்ட முடியுமா? முடியும் என்று 1978-இல் ஜேம்ஸ் பிளின் நிரூபித்தார். பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசைக் கணக்கை மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் சற்றே சாய்த்தார். வெளிச்சம் ஏமாந்தது, கண்ணும் ஏமாந்தது. இன்றைய நார்மல் மேப்புக்கு அதுவே மூதாதை. குவார்ட்ஸின் குறுக்குக் கோடுகளுக்கு இது தாராளமாகப் போதும்.

பிஸ்மத் படிகத்துக்குப் போதாது. பிஸ்மத்தின் முகங்களைவிட விளிம்புகள் வேகமாக வளர்வதால், நடுவில் குழிந்து, சதுரச் சதுரமாக இறங்கும் படிக்கட்டு உண்டாகிறது. நார்மல் மேப் போட்டால் படிகள் முகத்தில் தெரியும். ஓரத்து வெளிக்கோடோ நேர்க்கோடாகவே நிற்கும். குட்டு வெளிப்படும் இடம் அதுதான். இங்கே படிகளை வடிவத்திலேயே செதுக்கித்தான் ஆகவேண்டும். பிஸ்மத்தின் வானவில் நிறத்தையும் பூச முடியாது. மேலே படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமனைப் பொறுத்துப் பிறக்கும் நிறம் அது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும்.

● பட்டை தீட்டாத எண்முக வைரத்தின் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் குட்டி முக்கோணக் குழிகள் தெரியும். முகமும் முக்கோணம், குழியும் முக்கோணம். ஆனால் குழி தலைகீழாக இருக்கும்!

● இனி ஒளி. நேராக விழும் வெளிச்சத்தில் சாதாரணக் கண்ணாடி சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பனிக்கட்டி 2 சதவீதத்துக்கும் குறைவு. வைரமோ 17 சதவீதம்! இந்த வித்தியாசத்துக்கு ஒரே காரணம் ஒளிவிலகல் எண். பனிக்கட்டிக்கு 1.31, குவார்ட்ஸுக்கு சுமார் 1.54, வைரத்துக்கு 2.42. காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் ரெண்டரிங் மென்பொருளில் இதை இட ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அங்கே கண்ணாடியின் 1.5 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டு, வைரம் ஏன் மின்னவில்லை என்று விளக்குகளை மேலும் மேலும் கூட்டுபவர்கள் பலர்.

வைரத்துக்குள் நுழைந்த ஒளி வெளியேறுவதும் எளிதல்ல. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால், அது முழுதாக உள்ளேயே திருப்பப்படும். அப்படிப் பல முறை மோதி மோதித்தான் வெளியே வரும். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரர், வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒரு கதிரை 12 மோதல்களோடு நிறுத்திவிடும். நிறுத்திய இடம் கறுப்பாகும். திரை வைரங்களின் வயிற்றில் காணும் கரும்புள்ளிகளில் பல இப்படி வந்தவைதான்.

கதிர் மோதும் இடத்திலெல்லாம் எதிரொளிப்புக்கு ஒரு கிளை, விலகலுக்கு ஒரு கிளை என்று பிரித்துப் பின்தொடரும் முறையை 1980-இல் வெளியிட்டவர் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட். கட்டம் போட்ட தரைக்கு மேல் இரண்டு உருண்டைகள் மிதக்கும் அவருடைய புகழ்பெற்ற படம், அன்றைய வாக்ஸ் கணினியில் உருவாக 74 நிமிடங்கள் ஆனது.

● வைரத்தின் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 2.407, ஊதாவுக்கு 2.451. வைரத்துக்குள் வண்ணத் தீப்பொறிகள் தெறிப்பது இந்த 0.044 வித்தியாசத்தால்தான். பெரும்பாலான மென்பொருள்கள் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக மட்டுமே அறியும். அவற்றுக்கு இந்தப் பிரிகை தானாக வராது. மூன்று நிறங்களுக்கு மூன்று கண்ணாடிகளை, சற்றே வேறுபட்ட எண்களோடு கலந்து சமாளிப்பது கலைஞர்களின் வழக்கமான உத்தி. வேட்டா நிறுவனத்தின் மனூகா போன்ற ரெண்டரர்கள் அலைநீளம் அலைநீளமாகவே கணக்கிடுகின்றன.

● ஸ்டெனோ கோண விதியைச் சொன்ன அதே 1669-இல், அவருடைய நாடான டென்மார்க்கில், ராஸ்முஸ் பார்தோலின் என்பவர் ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட் படிகத்தை ஆராய்ந்து, அதன் வழியே பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிவதை எழுதினார். கால்சைட்டுக்கு ஒளிவிலகல் எண்கள் இரண்டு: 1.658, 1.486. கதிர் உள்ளே நுழைந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடும். இதை இயற்பியல் பிசகாமல் ரெண்டர் செய்யும் முறையை அந்திரேயா வைட்லிஷ், அலெக்சாண்டர் வில்கி இருவரும் 2008-இல் வெளியிட்டார்கள். குவார்ட்ஸுக்கும் இரண்டு எண்கள் உண்டு, வித்தியாசம் 0.009 மட்டுமே என்பதால் நிம்மதியாக விட்டுவிடலாம். கால்சைட்டில் விட்டால் அது கால்சைட்டே இல்லை.

● மங்கலான படிக முகத்தின் வழியே ஒளி எப்படிச் சிதறும்? தேய்த்த கண்ணாடிகளில் அளந்து பார்த்து, புரூஸ் வால்டரும் அவருடைய குழுவினரும் 2007-இல் ஒரு கணக்கைத் தந்தார்கள். ஜிஜிஎக்ஸ் என்று பெயர். இன்று அன்ரியல் கேம் எஞ்சின், பிளெண்டர் இரண்டிலுமே அது இருக்கிறது. ஆனால் கணக்கு சரியாக இருந்து பயனில்லை, படிகம் முழுவதற்கும் ஒரே சொரசொரப்பு எண்ணைக் கொடுத்தால். உண்மைக் கல்லில் ஒரு முகம் பளிச்சென்றிருக்கும், பக்கத்து முகம் பனி படர்ந்ததுபோல் இருக்கும். பல குவார்ட்ஸ் படிகங்களில் அடிப்பகுதி பால்போல் கலங்கியும் நுனி தெளிந்தும் இருக்கும். உள்ளே சிக்கிய நுண்ணிய திரவத் துளிகளின் வேலை அது. அந்தக் கலங்கலைப் பரப்பில் பூசாமல் உள்ளே நிரப்ப வேண்டும்.

● நல்ல மாதிரிக் கல் இல்லையே என்று கவலையா? மளிகைக் கடையில் பெரிய கற்கண்டு வாங்குங்கள். சர்க்கரைப் படிகத்தின் ஒளிவிலகல் எண் 1.54 முதல் 1.57 வரை, குவார்ட்ஸுக்கு மிக அருகில். இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நூல் இருந்தால் இன்னும் நல்லது. முகத்துக்கு முகம் அந்த நூல் துண்டு துண்டாக இடம் மாறித் தெரிவதைப் பார்த்தவர், ஒளிவிலகலைத் தப்பாக வைக்க மாட்டார்.

● இலங்கையின் நட்சத்திர நீலக்கல்லில் ஆறு கதிர் விண்மீன் மின்னுவது, மூன்று திசைகளில் அடுக்கப்பட்ட நுண்ணிய ரூட்டைல் ஊசிகளால். அங்கே கிடைத்த 563 காரட் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த விண்மீனைப் படமாக ஒட்டினால் கல்லோடு சேர்ந்து திரும்பும். உண்மை விண்மீன் விளக்கை நகர்த்தினால் தானும் நகரும்.

● 2013-இல் வந்த ‘ஃபுரோஸன்’ படத்தில், எல்சா பனி மாளிகையின் மாடத்துக்கு வரும் காட்சியின் ஒரு ஃபிரேம் உருவாக 132 மணி நேரம் ஆனதாக டிஸ்னி கலைஞர்கள் சொன்னார்கள். கனடாவின் கியூபெக்கில் உள்ள பனிக்கட்டி ஓட்டலுக்கே போய், சுவருக்குள் வெளிச்சம் எப்படி ஊறுகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஓர் அறிவியல் ஆலோசகரும் இருந்தார்: பனித்துகள் வளர்ச்சியை ஆராயும் கால்டெக் இயற்பியலாளர் கென்னத் லிப்ரெக்ட்.

● படிகம் உடையும் காட்சி வேண்டுமா? மென்பொருளின் பொதுவான ‘நொறுக்கு’ பொத்தான் எல்லாக் கல்லையும் ஒரே மாதிரி உடைக்கும். கற்கள் அப்படி உடைவதில்லை. குவார்ட்ஸ் உடைந்த இடம் சிப்பி ஓட்டின் உட்புறம்போல் வளைந்து, வரிவரியாக இருக்கும். கால்சைட்டை எவ்வளவு சிறிதாக உடைத்தாலும் சாய்ந்த பெட்டிகளே கிடைக்கும். கனசதுரமாக வளரும் புளோரைட்டுக்கு மூலைகள்தான் முதலில் பெயரும், பெயர்ந்த இடத்தில் வழவழப்பான முக்கோணம் நிற்கும். விடாமல் பெயர்த்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது எண்முகம்.