கல்லாப் பணம் வேறு, பயணப் பணம் வேறு

ஆண்டு முழுவதும் கடையே கதியென்று இருக்கும் நமக்கும், குடும்பத்தோடு நான்கு நாள் வெளியூர் போய்வர ஆசை உண்டு. ஆனால் புறப்படும்போது கல்லாவில் கை வைத்துவிடுகிறோம். நாமும் ஒருமுறை அப்படிக் குற்றாலம் போய்த் திரும்பி, பருப்பு மண்டிக்குச் சொன்ன தேதியில் பணம் கட்ட முடியாமல் தலைகுனிந்தோம்.

அன்று முதல் வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரே தொகைதான் எடுக்கிறோம். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் புளி, மிளகாய்க்கும் பற்று எழுதுகிறோம். அதனால் வீட்டில் வீண்செலவு குறைந்தது. மிச்சத்தில் தினம் 50 ரூபாய் உண்டியலில் விழுகிறது. மாதம் 1,500 ரூபாயை வங்கித் தொடர் வைப்பில் கட்டினால், 12 மாதத்தில் 18,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும்.

முகூர்த்தம் இல்லாத ஆடியில் வியாபாரம் மந்தம். குற்றாலத்திலோ சாரல் காலம். கடன் வைக்காமல் போய்வருவதே உண்மையான ஓய்வு.