மழைக்கு ஒதுங்கும் அழையா விருந்தாளிகள்!

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால், ஏரியும் புது மனைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊரப்பாக்கம் போன்ற புறநகர்களில் எலி, பூரான், தேள், சில நேரம் பாம்பும் வீட்டுக்குள் வந்துவிடும். குளிரைவிட, வளைக்குள் புகும் தண்ணீர்தான் அவற்றை மேட்டுக்கு விரட்டுகிறது.

அதிக உஷார் தேவை கட்டுவிரியனிடம். இரவில் நடமாடும் இது, தரையில் தூங்குபவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் வந்தால், ‘வாயுத் தொல்லை’ என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

* சிந்திய சோறு எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். இரவே துடைத்துவிடுங்கள்.
* கதவடி இடுக்கை அடையுங்கள். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை போடுங்கள்.
* ஷூவை உதறிவிட்டு அணியுங்கள்.
* கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீட்டில் பாம்பைக் கண்டால் அடிக்காமல் 101-க்குச் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பின் விஷமே தேவை. அதைப் பெருமளவில் எடுத்துத் தருவதும் நம் மாவட்டத்து வடநெம்மேலியில் இருக்கும், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான்!