மலைமுகட்டில் மறைந்த எண்மர்

நுழையும்முன்

போரில் மடிந்தவரின் பெயரைக் கல்லில் பொறித்துக் காப்பது தமிழர் மரபு. மடிந்த இடமே தெரியாமற் போனவர்க்கு அம்மரபு எவ்வாறு பொருந்தும்? இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் மறைந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

எல்லைக்கு அப்பால் ஒலித்த இரைச்சல்

இயந்திர உறுப்புகளை உருவாக்கும் தொழில்நகராக இன்று நாம் அறியும் ஓசூர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிற்றூராகவே இருந்தது. ஆயினும், அதன் அண்டைப் பகுதிகள் போரோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. பெங்களூருவின் இந்துஸ்தான் விமானத் தொழிலகத்தில் அமெரிக்கப் படையின் விமானங்கள் பழுதுபார்க்கப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய கோலாரில், கனரகக் குண்டுவீச்சு விமானங்களை இயக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1944 நவம்பரில் பிரித்தானிய வான்படையின் 358-ஆம் படையணி அங்குதான் உருவாக்கப்பட்டது.

அப்படையணி பயன்படுத்திய விமானத்தின் பெயர் பி-24 லிபரேட்டர். நான்கு இயந்திரங்களும் ஏறத்தாழ 33 மீட்டர் சிறகு அகலமும் கொண்ட அவ்விமானம், போர்க்காலத்தில் 18,000-க்கும் மிகுதியாகக் கட்டப்பட்டது. அதன் நீண்டு குறுகிய சிறகு தொலைதூரப் பயணத்திற்கு ஏற்றது. ஆனால், சிறகின்மேல் பனி உறையுமாயின் விமானத்தைத் தாங்கும் ஆற்றல் விரைந்து குறையும். அதன் சிறப்புக்குக் காரணமான அமைப்பே அதன் குறைபாடாகவும் அமைந்தது.

திமிலைக் கடந்த பயணம்

1942-இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதால், சீனாவுக்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. எரிபொருள், குண்டு, மருந்து ஆகிய அனைத்தையும் அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைக் கடந்து வான்வழியே குன்மிங் நகருக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. காளையின் திமிலைப் போல உயர்ந்து நின்ற அம்மலைத்தொடரை விமானிகள் தம் மொழியில் 'திமில்' என்றே அழைத்தனர். கடுங்காற்று, அடர்மேகம், உறைபனி ஆகியவை பகைவரினும் கொடியனவாய் இருந்தன. இவ்வழியில் ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன.

சீனாவில் நிலைகொண்டிருந்த அமெரிக்கக் குண்டுவீச்சுப் படையணிகள் தமக்குத் தேவையான பொருள்களைத் தாமே இவ்வழியில் சுமந்து சென்றன. எனவே, குண்டுவீச வேண்டிய விமானங்கள் சரக்கு விமானங்களாகவும் பணியாற்றின. அத்தகைய பணிக்காக 1944 சனவரி 25 அன்று, 308-ஆம் குண்டுவீச்சுக் குழுவைச் சேர்ந்த லிபரேட்டர் ஒன்று குன்மிங்கிலிருந்து அசாமின் சாபுவாவுக்குப் புறப்பட்டது. அதில் எண்மர் இருந்தனர். விமானம் சாபுவாவை அடையவில்லை. எண்மரும் காணாமற் போனோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

எண்ணே சான்றாயிற்று

போர் முடிந்தபின் நடந்த தேடல் பயனளிக்கவில்லை. 2006-இல் கிளேட்டன் கூல்ஸ் என்னும் அமெரிக்க மலையேறுநர், அருணாசலப் பிரதேசத்தின் தம்ரோ என்னும் ஊருக்கு அருகே மலைச்சரிவில் சிதறிக்கிடந்த உலோகத் துண்டுகளைக் கண்டார். அப்பகுதி ஆதி பழங்குடி மக்கள் வாழும் நிலம். சிதைவில் எஞ்சியிருந்த 42-73308 என்னும் எண், அது காணாமற் போன அதே விமானம் என்பதை உறுதிசெய்தது.

செங்குத்தான சரிவிலும் கடும் மழையிலும் அகழ்வுப்பணி எளிதாக இல்லை. இடையில் தடைபட்ட பணி 2015-இல் மீண்டும் தொடர்ந்தது. அங்குக் கிடைத்த எலும்பு எச்சங்கள் 2016 ஏப்ரலில் புதுதில்லியிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. மரபணு ஆய்வின் துணையால், எண்மருள் ஒருவரான இராபர்ட் ஆக்ஸ்போர்டு அடையாளம் காணப்பட்டார். மறைந்தபோது அவருக்கு வயது 24. எழுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 சூனில், சியார்சியா மாநிலத்திலுள்ள கான்கார்டு என்னும் சொந்த ஊரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பெயரும் கல்லும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல இன்றும் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மடிந்தவன், புலியைக் குத்தி மடிந்தவன் என வீரனின் பெயரையும் செயலையும் அவை உரைக்கின்றன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல்லெடுத்து வழிபடும் நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. இறந்தவனை ஊர் மறக்கலாகாது என்பதே அம்மரபின் உட்பொருள். தம்ரோவின் மலைச்சரிவில் நிகழ்ந்த தேடலும் அவ்வுட்பொருளையே வேறு வழியில் நிறைவேற்றியது.

எனினும், இத்தகைய தேடல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அதே போரில், சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்க மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அங்கு இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழர்க்கோ தனித்தனிக் கல்லறையும் இல்லை, முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. 2023-இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. பெயரிழந்த அனைவர்க்குமாக அந்த ஒரு கல் நிற்கிறது.

விமானி ஒருவரைத் தேடிக் காண ஒரு நாட்டின் ஆவணமும் அறிவியலும் பொறுமையும் தேவைப்பட்டன. ஆவணமே எழுதப்படாத எளியோரை நினைவுகூர்வது இன்னும் கடினம். ஆதலால் அது நம் முதற்கடமை ஆகிறது.

தெரிந்து தெளிவோம்

போர் முடிந்ததும், மீண்டும் பறக்க இயலாதவாறு சிதைக்கப்பட்ட லிபரேட்டர் விமானங்கள் கான்பூரில் கைவிடப்பட்டன. அவற்றுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை பெங்களூருவில் செப்பனிடப்பெற்று, 1948 முதல் 1968 வரை இந்திய வான்படையில் பணியாற்றின.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் அல்லது அருகில் உள்ள நடுகல் ஒன்றைக் கண்டு, அதன் உருவம், எழுத்து, அது குறித்து ஊரார் கூறும் செய்தி ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.